ராணி இருமிய ஊர்

1257ஆம் வருஷம். இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஹென்றி வேல்ஸ்காரர்களோடு சண்டை போடக் கிளம்பினார். வீட்டுக்காரி எலினாரை நாட்டிங்ஹாம் கோட்டையில் பத்திரமாக விட்டுவிட்டுப் போனார். கோட்டை பத்திரமாகத்தான் இருந்தது. ஊரில்தான் கரி எரித்தார்கள். அந்தப் புகை மதிலேறி, காவற்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நேராக அந்தப்புரத்துக்குள் நுழைந்தது. எலினார் பிரெஞ்சு தேசத்தின் தென்கோடியில், புரொவான்ஸில், வெயிலும் நல்ல காற்றுமாக வளர்ந்த பெண். எத்தனை நாள்தான் தாங்குவார்? மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு டட்பரி கோட்டைக்குப் போய்விட்டார். எதிரிப் படைக்குப் பயந்து கோட்டையைக் காலி செய்த ராணிகள் வரலாற்றில் எத்தனையோ பேர். ஊர் அடுப்புக்குப் பயந்து காலி செய்தவர் என்று தேடினால் இவர்தான் கிடைப்பார்.

அதே நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில், சைக்கிளில் போனாலே எட்டிவிடும் தூரத்தில், ராட்கிளிஃப் ஆன் சோர் என்று ஓர் அனல் மின் நிலையம். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம். 2024 செப்டம்பர் 30ஆம் தேதி அதை அணைத்தார்கள். ராணி ஊரை விட்டுப் போய் 767 வருஷம் கழித்து, கரி ஊரை விட்டுப் போனது. இருவரில் ராணிக்குத்தான் ரோஷம் அதிகம் என்று தெரிகிறது.

மறுநாள் உலகப் பத்திரிகைகள் எல்லாம் பாராட்டுப் பத்திரம் வாசித்தன. ஜி7 பணக்கார நாடுகளில் கரி மின்சாரத்தை முற்றிலும் கைகழுவிய முதல் நாடு, தொழிற்புரட்சியைத் தொடங்கி வைத்த நாடே கரியைத் தன் கையால் முடித்தும் வைத்தது, இத்யாதி. (அச்சுக்கோப்பவர் கவனிக்க: சின்ன ர. பிரிட்டன் விட்டது கரியைத்தான். கறியை விட அங்கே எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி தராது.) பாராட்டில் தப்பில்லை. ஆனால் படிக்கிறவருக்கு, ஏதோ ஒரு நாள் காலையில் ஞானம் பிறந்து, பூமித்தாயின் காலில் விழுந்து கும்பிட்டு, அடுப்பில் தண்ணீர் ஊற்றியது போல ஒரு சித்திரம் வரும். பழைய கணக்கைக் கிளறிப் பார்த்தால் ஞானம் என்ற தலைப்பில் வரவு ஏதும் இல்லை. சண்டை இருக்கிறது, வரி இருக்கிறது, பயம் இருக்கிறது, மலிவாகக் கிடைத்த வாயு இருக்கிறது. பூமித்தாய் கடைசி அத்தியாயத்தில்தான் மேடைக்கு வருகிறாள், அதுவும் மாலை போட்டுக்கொள்ள.

எலினாருக்கு ஒரு பிள்ளை. பின்னால் முதலாம் எட்வர்ட் என்று பட்டத்துக்கு வந்தவர். அப்போது லண்டனில் சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் நியூகாசிலிலிருந்து கப்பலில் வந்த கரியை எரித்து ஊரையே இரும வைத்துக்கொண்டிருந்தார்கள். கடல் வழியே வந்ததால் அதற்குக் கடல்கரி என்று பெயர். (திருநெல்வேலிக்கே அல்வாவா என்று நாம் கேட்பதை, நியூகாசிலுக்கே கரியா என்று அவர்கள் கேட்பார்கள்.) 1306, 1307 வாக்கில் எட்வர்ட் ஆணை போட்டார்: கடல்கரி கூடாது, பழையபடி விறகையும் அடுப்புக்கரியையும் எரியுங்கள், மீறினால் அபராதம். உலகின் முதல் கரி ஒழிப்புத் திட்டங்களில் ஒன்று. அம்மா பட்ட பாட்டுக்குப் பிள்ளை செய்த மரியாதை என்று வைத்துக்கொள்ளலாம். ஜனங்கள் ஆணையைக் காதில் வாங்கிக்கொண்டு கரியை வாங்கப் போனார்கள். விறகு விலை அப்படி. இந்த ஆணையை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

நடுவில் 1661இல் ஜான் ஈவ்லின் என்ற பெரிய மனிதர் லண்டன் புகையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி இரண்டாம் சார்ல்ஸ் ராஜாவுக்குச் சமர்ப்பித்தார். புகை கக்கும் தொழில்களை ஊருக்கு வெளியே அனுப்புவது, ஊரைச் சுற்றி மல்லிகை முதலான வாசனைச் செடிகளை நடுவது, இவைதான் அவர் யோசனை. ராஜா படித்துவிட்டு மெத்தச் சந்தோஷப்பட்டார். கமிஷன் அறிக்கைகளைப் படித்துச் சந்தோஷப்படும் வழக்கம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரக் கதை 1882 ஜனவரியில் ஆரம்பிக்கிறது. எடிசன் கம்பெனி லண்டன் ஹோபர்ன் பாலத்தின் பக்கத்தில் ஓர் இயந்திரத்தைக் கொண்டு வந்து இறக்கியது. 27 டன். கரியை எரித்து நீராவி, நீராவியில் மின்சாரம், அதில் தெருவிளக்கு. பொதுமக்களுக்கு மின்சாரம் தந்த உலகின் முதல் கரி மின் நிலையம் இதுதான். லண்டன் மிருகக்காட்சி சாலையிலிருந்து அமெரிக்க சர்க்கஸ்காரர் பர்னம் விலைக்கு வாங்கிப் போன ஜம்போ என்ற யானையின் பெயரை அந்த இயந்திர வகைக்கு வைத்தார்கள். நம் நிகண்டுகளில் கரி என்றால் யானை என்றும் ஒரு பொருள் உண்டு. ஆக, கரியைத் தின்னும் கரி. எடிசனுக்குத் தமிழ் தெரியாதது தமிழுக்குத்தான் நஷ்டம். ஹோபர்ன் யானை கட்டுப்படியாகவில்லை. 1886இல் நஷ்டக்கணக்கு எழுதி மூடிவிட்டார்கள். முதல் கரி மின் நிலையம் நாலே வருஷத்தில் மூடப்பட்டதை ஒரு சகுனமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். பல்லி சொன்னால் உட்காரும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. இன்னும் 138 வருஷம் ஓட்டினார்கள்.

அடுத்து 1952 டிசம்பர். யுத்தம் முடிந்து ஏழு வருஷம் ஆகியும் பிரிட்டன் கடனில் முழுகிக் கிடந்தது. நல்ல கரியை வெளிநாட்டுக்கு விற்றுக் காசு பார்க்க வேண்டிய நிலைமை. உள்ளூர் ஜனத்துக்கு ரேஷன். ஆனால் தூளும் துண்டுமாக ஒரு மட்டரகக் கரி மலையாகக் குவிந்து கிடந்தது. அதை மட்டும் டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து ரேஷன் இல்லாமல் இஷ்டத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் தாராளம் காட்டியது. ஜனங்கள் மூட்டை மூட்டையாக வாங்கி எரித்தார்கள். நாலே நாளில், 5ஆம் தேதி, குளிர்ந்த காற்று அசையாமல் லண்டனில் தேங்கி நிற்க, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போல உட்கார்ந்துகொண்டது. மூடியின் கீழே வீட்டுக்கு வீடு அடுப்பு.

ஐந்து நாள். நட்டநடுப் பகலில் பஸ்ஸுக்கு முன்னால் கண்டக்டர் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு நடந்தார். சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்தில் ஓர் இசை நாடகம். புகை உள்ளேயே வந்துவிட்டது, பார்ப்பவர்களுக்கு மேடை தெரியவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். கதாநாயகி காச நோயில் இருமி இருமிச் சாகும் நாடகம் அது. அன்றைக்கு அரங்கமே கூட நடித்துக்கொண்டிருந்திருக்கும். ஸ்மித்ஃபீல்டு மாட்டுக் கண்காட்சிக்கு வந்த உயர்ஜாதி மாடுகள் மூச்சுத் திணறிச் செத்தன. சில விவசாயிகள் சாக்கை விஸ்கியில் நனைத்து மாட்டின் மூக்கில் கட்டினார்கள் என்பார்கள். மாட்டுக்காவது ஒரு வழி செய்தார்களே. மனிதர்களில் சுமார் 4000 பேர் போய்ச் சேர்ந்தார்கள். பிற்காலத்து ஆய்வாளர்கள் 12,000 வரை சொல்கிறார்கள். சவப்பெட்டி தீர்ந்துபோனது, பூக்கடையில் பூ தீர்ந்துபோனது.

அரசாங்கம் என்ன செய்தது? ஃப்ளூ காய்ச்சல் என்றது. கரியின் மேல் பழி போட்டால் கரியை விற்ற கையையும் காட்ட வேண்டி வரும். கிருமிக்கு ஓட்டுரிமை இல்லை, வழக்கும் போடாது. நெருக்கடி தாங்காமல் கமிட்டி போட்டு, கமிட்டி அறிக்கை தந்து, 1956இல்தான் சுத்தமான காற்றுக்கு ஒரு சட்டம் வந்தது.

ஊருக்குள் புகை கூடாது என்றால் ஊருக்கு வெளியே விட வேண்டியதுதானே! பெரிய மின் நிலையங்களைச் சுரங்கங்களுக்குப் பக்கத்தில், டிரென்ட் ஆற்றங்கரை நெடுகக் கட்டினார்கள். மெகாவாட் பள்ளத்தாக்கு என்றே அந்த இடத்துக்குப் பெயர் விழுந்தது. ராட்கிளிஃப் நிலையமும் 1960களில் அப்படி வந்ததுதான். 2000 மெகாவாட், எட்டுக் குளிர்விப்புக் கோபுரம், கிட்டத்தட்ட 200 மீட்டருக்கு ஒரு புகைபோக்கி. அவ்வளவு உயரத்தில் விட்டால் புகை காணாமல் போய்விடும் என்பது எண்ணம். போனது, நார்வேக்கும் ஸ்வீடனுக்கும். அங்கே அமில மழையாக இறங்கி ஏரி மீன்களைக் கொன்றது. குப்பையைக் கூட்டி அடுத்த வீட்டு வாசலில் தள்ளும் கலையில் நம் தெருக்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். கடல் தாண்டித் தள்ளியவர்களைப் பற்றி அப்போது தெரியாது.

இனி சண்டைக் காட்சி. 1973 கடைசியில் சுரங்கத் தொழிலாளர்கள் கூடுதல் சம்பளம் கேட்டு ஓவர்டைம் பார்க்க மறுத்தார்கள். மின் நிலையங்களில் கரி குறைந்தது. பிரதமர் எட்வர்ட் ஹீத், 1974 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் கம்பெனிகளுக்கு கரண்ட் என்று அறிவித்தார். டெலிவிஷனை ராத்திரி பத்தரைக்கே அணைத்தார்கள். எரிசக்தி அமைச்சர் பாட்ரிக் ஜென்கின், ஜனங்கள் இருட்டிலேயே பல் தேய்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். பத்திரிகைக்காரர்கள் விடிவதற்கு முன் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். வீடு ஜகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது. பவர்கட்டில் விசிறியும் கையுமாகக் காலம் தள்ளிய நமக்கு இந்த வீட்டைத் தெரியும். எல்லா ஊரிலும் அந்தத் தெருவில் மட்டும் கரண்ட் போகாது. பிப்ரவரியில் ஹீத் தேர்தலை அறிவித்து, நாட்டை ஆள்வது யார் என்று மக்களைக் கேட்டார். கேட்கக்கூடாத கேள்வி. நீங்கள் இல்லை என்று பதில் வந்தது.

இதை ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அந்த மந்திரிசபையில் கல்வி அமைச்சராக இருந்த மார்கரெட் தாட்சர். மளிகைக்கடைக்காரர் மகள். சரக்கை முதலில் ஸ்டாக் வைக்க வேண்டும், சண்டையைப் பிறகு போடலாம் என்பது கடைக்காரர் வீட்டுப் பாடம். தாமே பிரதமரானதும் மின் நிலையங்களின் முற்றத்தில் கரியை மலைமலையாகக் குவிக்க விட்டார். 1984 மார்ச்சில் 20 சுரங்கங்களை மூடப்போவதாக, 20,000 பேருக்கு வேலை போகும் என்று அறிவிப்பு வந்தது. சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் கொதித்தெழுந்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார். கொதித்தது நியாயம். ஆனால் மார்ச் மாசம் அந்த ஊரில் குளிர் முடிந்து ஜனங்கள் ஹீட்டரை அணைக்கிற காலம். கரிக்காரர் கோடையில் ஸ்டிரைக் பண்ணுவது, இளநீர்க்காரர் மார்கழியில் கடையடைப்பு நடத்துவது போல. அதோடு நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாமல் இறங்கியதால், நாட்டிங்ஹாம் பகுதித் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆம், அதே நாட்டிங்ஹாம். ராணியைத் துரத்திய ஊர், இப்போது சங்கத்தைக் கவிழ்த்தது. ஒரு வருஷம் போலீஸ் தடியடி, பட்டினி, ஒரே தெருவில் அண்ணன் தம்பி முகம் பார்க்காத பகை. 1985 மார்ச் 3ஆம் தேதி தோற்றுப்போய் வேலைக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள். விசுவாசமாக வேலைக்குப் போன நாட்டிங்ஹாம் சுரங்கங்களையும் பிறகு மூடினார்கள். இந்த இடத்தில் சிரிக்க எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கவனித்தீர்களா, மூடியது சுரங்கத்தைத்தான், அடுப்பை அல்ல. ராட்கிளிஃப்பும் அதன் சகோதரர்களும் கப்பலில் வந்த அந்நியக் கரியை எரித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தன. 1990களில் வடகடல் வாயு மலிவாகக் கிடைத்ததும் மின்சாரக் கம்பெனிகள் அந்தப் பக்கம் ஓடின, லாபத்துக்காக. 2012இல்கூட பிரிட்டன் மின்சாரத்தில் 40 சதவீதம் கரிதான். கரிக்கு நிஜமான சாவு 2013இல் வந்தது, ஒரு வரி ரூபத்தில். கரியமில வாயுவுக்கு டன் கணக்கில் ஒரு அடிமட்ட விலையைக் கட்டியது அரசாங்கம். பசித்தாலும் புல் தின்னாத புலி, வரி போட்டால் தின்னும். எட்டே வருஷத்தில் 40 சதவீதம் இரண்டு சதவீதத்துக்கு வந்துவிட்டது. கடலில் காற்றாலைகளும் முளைத்தன. நம் பஞ்சாங்கத்தில் கரிநாள் என்று ஒன்று உண்டு, நல்ல காரியம் செய்யக்கூடாத நாள். 2017 ஏப்ரல் 21 பிரிட்டன் பஞ்சாங்கத்தில் ஏறிய முதல் கரியில்லா நாள். 1882க்குப் பிறகு முழுசாக ஒரு நாள் கரி மின்சாரமே இல்லாமல் விளக்கு எரிந்தது, டீயும் கொதித்தது. ஆக எட்வர்டின் ஆணை, மல்லிகைச் செடி, பிணம், கமிட்டி எதற்கும் மசியாத கரி, கணக்கப்பிள்ளையின் ஒரு வரியில் மடிந்தது.

ஜெர்மனிக்குப் போவோம். அங்கே எதையும் அடித்துப்பிடித்துச் செய்ய மாட்டார்கள். உட்கார்ந்து, பேசி, அட்டவணை போட்டு, எல்லாருக்கும் பணம் கொடுத்து, முறைப்படி தப்பு செய்வார்கள். அங்கேலா மெர்க்கல் குவாண்டம் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 2010இல் அணு உலைகளின் ஆயுளை நீட்டினார். 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்து ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்கள் வெடித்தன. மெர்க்கல், 2022க்குள் ஜெர்மனியின் எல்லா அணு உலையையும் மூடுவோம் என்றார். சுனாமி வர ஜெர்மனியில் தோதான கடல் இல்லையே என்று கேட்டவர்களுக்கு, ஓட்டுப்போடும் மாநிலம் இருந்தது என்பதுதான் பதில். கரியமில வாயு விடாத உலையை முதலில் மூடிவிட்டு, விடுகிற கரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது வரிசை. கடைசி உலை 2023 ஏப்ரலில் நின்றது. கரிக்குக் கெடு 2038.

அந்த 2038ஐ கண்டுபிடித்தது ஒரு கமிஷன். ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள் 28 பேர்: முதலாளி, தொழிற்சங்கம், விஞ்ஞானி, சூழலியல்காரர், சுரங்க ஊர்க்காரர். 2019 ஜனவரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து விடியற்காலையில் முடிவெடுத்தார்கள். 27 பேர் சம்மதம், ஒருவர் மறுப்பு. சுரங்கப் பகுதிகளுக்கு 40 பில்லியன் யூரோ, பழுப்பு நிலக்கரிக் கம்பெனிகளுக்குத் தனியாக 4.35 பில்லியன் யூரோ மொய். தாட்சர் தடியால் முடித்ததை இவர்கள் மொய் எழுதி முடித்தார்கள். கிண்டலை ஒரு நிமிஷம் நிறுத்திச் சொன்னால், இதில் ஒரு மரியாதை இருக்கிறது. கல்கரிச் சுரங்கங்களை மூடுவதை 2007லேயே சொல்லி, பதினோரு வருஷம் அவகாசம் தந்து, யாரையும் வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பாமல் மூடினார்கள். 2018 டிசம்பரில் கடைசிக் கட்டியை ஜனாதிபதி ஸ்டைன்மையர் நேரில் வந்து கையில் வாங்கிக்கொண்டார். பிரிட்டன் சுரங்கத் தொழிலாளருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நிமிஷம் முடிந்தது. கரியை விடச் சட்டம் போட்ட அதே 2020இல், டாட்டெல்னில் புத்தம் புதிய கரி மின் நிலையம் ஒன்றை ஓடவிட்டார்கள். கட்டியாயிற்று, வீணாக்குவானேன்! பிறகு லுட்ஸெராத். மேற்கு ஜெர்மனியில் கார்ட்ஸ்வைலர் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் விளிம்பில் ஒரு குட்டி கிராமம். சுரங்கம் நடந்து வந்து அதைத் தின்ன வேண்டும். நடந்து வருவது என்றால் சும்மா இல்லை. அந்தப் பகுதியில் பாகர் 288 என்று ஓர் இயந்திரம் உண்டு. 13,500 டன், தலையில் ராட்சசச் சக்கரம், சக்கரமெல்லாம் வாளி. 2001இல் ஒரு சுரங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு 22 கிலோமீட்டர் ஊர்வலமாகவே போனது. நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஜெர்மன் வாளிச் சக்கரங்கள் அங்கே எத்தனையோ வருஷமாகச் சுற்றுகின்றன. ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்காகக் கிணறு வெட்டப்போய்க் கரி கண்ட ஊராயிற்றே. தண்ணீர் தேடியவருக்குக் கரியும், கரி தேடிய கம்பெனிக்குத் தண்ணீரும் கிடைத்த ஊர் அது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைத்துத் தள்ளுவதே அங்கே பெரிய வேலை.

லுட்ஸெராத்தை இடிக்க ஒப்பந்தம் போட்டபோது மத்தியில் எரிசக்தி இலாகாவைக் கவனித்த அமைச்சர் பசுமைக் கட்சிக்காரர். இந்த ஒரு ஊர் போனாலும் மேற்கே கரி 2030லேயே முடிந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. 2023 ஜனவரியில் போலீஸ் இறங்கியது. கிரேட்டா துன்பெர்க்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மழைச் சேற்றில் முழங்கால்வரை சிக்கிக்கொண்ட போலீஸ்காரர்களை, துறவி அங்கி போட்ட ஒருவர் வந்து தள்ளிவிட்டுப் போனதை உலகமே வீடியோவில் பார்த்தது. எழவே முடியாமல் தவித்தார்கள் பாவம். பக்கத்திலேயே, அதே சுரங்கத்துக்கு வழிவிட எட்டுக் காற்றாலைகளைக் கழற்றினார்கள். கரியை ஒழிப்பதற்காகக் கட்டிய காற்றாலையைக் கரிக்காகக் கழற்றுவது! இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால், நாடகத்தனம் அதிகம் என்று ஆசிரியர் வெட்டியிருப்பார்.

போலந்துக்கு இந்தப் பாசாங்கெல்லாம் கிடையாது. கரி எங்கள் குலதெய்வம் என்று நேராகவே சொல்லிவிடுவார்கள். 2013இல் ஐ.நா. பருவநிலை மாநாடு வார்ஸாவில். அதே வாரம் அதே ஊரில் உலகக் கரிக் கம்பெனிகளின் மாநாட்டுக்கும் கல்யாண மண்டபம் வாடகைக்குக் கொடுத்தார்கள். மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுற்றுச்சூழல் அமைச்சரை மாநாடு நடக்கும்போதே பதவியிலிருந்து தூக்கினார்கள். ஐந்து வருஷம் கழித்து மறுபடி போலந்துக்கே முறை. இந்த முறை இடம் கரித் தலைநகரான கட்டோவிட்ஸே. வந்த பிரதிநிதிகளைத் தலையில் இறகுக் குல்லாய் வைத்த சுரங்கத் தொழிலாளர் பேண்டு வாத்தியத்தோடு வரவேற்றார்கள். அரங்கத்தில் கரியைக் காட்சிக்கு வைத்து, கரி நகை, கரி சோப்பும் வைத்திருந்தார்கள். குடியை நிறுத்தும் கூட்டத்தைச் சாராயக்கடையில் நடத்தி, வந்தவர்களுக்குத் தொட்டுக்கொள்ளச் சுண்டலும் கொடுத்த மாதிரி. போலந்தின் துரோவ் சுரங்கத்தால் தங்கள் கிணறு வற்றுகிறது என்று செக் நாடு கேஸ் போட, ஐரோப்பிய நீதிமன்றம் 2021இல் தினம் 5 லட்சம் யூரோ அபராதம் என்றது. கட்ட மாட்டோம் என்றது போலந்து. வர வேண்டிய மானியத்தில் பிடித்துக்கொண்டார்கள். சுரங்கங்களை மூடத் தொழிற்சங்கத்தோடு போட்ட கெடு 2049. ஒப்பந்தம் போட்ட அன்று பிறந்த குழந்தை அதற்குள் பிள்ளை பெற்றுவிடலாம் என்று நினைத்திருப்பார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் ஒன்றுதான் கட்டுரையாளனுக்குப் பிரயோஜனமில்லாத இடம். 2007 என்றார்கள், தள்ளினார்கள், மறுபடி தள்ளினார்கள், 2014இல் சொன்னபடி முடித்துவிட்டார்கள். சேற்றில் துறவியும் இல்லை, சோப்பும் இல்லை. நான்டிகோக் மின் நிலையம் இருந்த இடத்தில் இப்போது சோலார் பலகைகள். நல்ல பிள்ளைகளைப் பற்றி எழுத எப்போதும் நாலு வரிக்கு மேல் வருவதில்லை.

ஆஸ்திரேலியாவில் 2017 பிப்ரவரியில் நிதியமைச்சர் ஸ்காட் மாரிசன் நாடாளுமன்றத்துக்குள் ஒரு கரிக்கட்டியைக் கொண்டுவந்தார். இதுதான் கரி, பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது என்று எதிர்க்கட்சியைப் பார்த்து ஆட்டிக் காட்டினார். கட்டியைக் கொடுத்தது சுரங்க முதலாளிகள் சங்கம். கையில் ஒட்டாமல் இருக்க வார்னிஷ் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பயப்படத் தேவையில்லாத கரிக்கு வார்னிஷ் எதற்கு என்று அவையில் யாருக்கும் உடனே கேட்கத் தோன்றவில்லை. மாரிசன் அடுத்த வருஷமே பிரதமரானார். அவர் கட்டியை ஆட்டிக்கொண்டிருந்த காலமெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் வீட்டுக்கூரையில் ஏறி சோலார் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது மூன்றில் ஒரு வீட்டில் அது இருக்கிறது. கட்சி அரசியல் பிடிக்கவில்லை, கரண்ட் பில் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இதே கூத்து. கரியைக் காப்பேன் என்று சுரங்கத் தொப்பி மாட்டிக்கொண்டு 2016இல் டிரம்ப் ஜெயித்தார். அவருடைய முதல் நாலு வருஷத்தில் கரி மின் நிலையங்கள் வரிசையாக மூடின, பாறை வாயு அவ்வளவு மலிவு. 2017இல் கென்டக்கி மாநிலத்து பென்ஹாமில் கரிச் சுரங்க அருங்காட்சியகத்தின் கூரையில் சோலார் பலகை மாட்டினார்கள். கரண்ட் செலவு கட்டுப்படியாகவில்லையாம். கரியின் பெருமையைச் சொல்லும் கட்டடத்துக்கே கரி கட்டுப்படியாகவில்லை. சீனா இன்னும் ஒரு படி மேல். கரி நகரமான டாட்டோங்கில் வானத்திலிருந்து பார்த்தால் பாண்டாக் கரடி தெரியும்படி சோலார் பூங்கா அமைத்தார்கள். அதே 2017 குளிர்காலத்தில் ஹெபெய் மாகாணத்தில், கரி அடுப்பை இடி, வாயு வரும் என்று உத்தரவு. அடுப்பை இடித்தாயிற்று, வாயு வரவில்லை. சூயாங்கில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்புக்குள் விறைத்துப்போய், வாசலில் வெயிலில் உட்கார்ந்து பாடம் படித்தார்கள். சூரிய சக்திக்கு மாறியது என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தால் பொய்யும் இல்லை. பாண்டா சிரித்துக்கொண்டிருக்க, உலகத்துக் கரியில் பாதிக்கு மேல் சீனாதான் எரிக்கிறது.

2021 நவம்பர் 13, கிளாஸ்கோ பருவநிலை மாநாடு. ஏறக்குறைய 200 நாடுகள் இரண்டு வாரம் பேசி, ஒப்பந்தத்தில் கரியை ஒழிப்போம் என்று எழுதிவிட்டார்கள். அதை ஏற்பதற்கு முந்தின நிமிஷம் நம் சுற்றுச்சூழல் அமைச்சர் பூபேந்தர் யாதவ் எழுந்து, ஒழிப்போம் என்பதைக் குறைப்போம் என்று மாற்றி வாசித்தார். சீனாவும் பின்னால் நின்றது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா பிரிட்டிஷ் அமைச்சர், பிறந்தது ஆக்ராவில். மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுக் குரல் உடைந்து கண் கலங்கினார். சபை எழுந்து கை தட்டியது. அவர் கண்ணீரைச் சந்தேகப்படவில்லை. ஆனால் 700 வருஷம் எரித்துச் சொத்து சேர்த்த வீடு, மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கரியில் ஓடும் வீட்டைப் பார்த்து அடுப்பை அணை என்கிறபோது ஒரு வார்த்தைக்குப் பேரம் நடக்கத்தான் செய்யும். வினைச்சொல்லில் பேரம் பேசுவது நமக்குப் பரம்பரை வித்தை. தருகிறேன் என்பதற்கும் பார்க்கிறேன் என்பதற்கும் உள்ள தூரத்தில்தான் நம் அரசு அலுவலகங்கள் ஓடுகின்றன. கண்ணீர் காய்ந்த மறுவருஷமே, 2022 டிசம்பரில், பிரிட்டிஷ் அரசாங்கம் கும்பிரியாவில் புதுக் கரிச் சுரங்கம் தோண்ட அனுமதி கொடுத்தது. உருக்காலைக்குத்தான், மின்சாரத்துக்கு இல்லை என்று விளக்கமும் கொடுத்தது. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த அனுமதியைக் கிழித்துப் போட்டது. இரண்டு வாரம் கழித்துத்தான் ராட்கிளிஃப் மூடுவிழா. நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

முதலாம் எட்வர்டின் ஆணையை மறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ராட்கிளிஃப்புக்கு வடக்கே, யார்க்ஷையரில், டிராக்ஸ் என்று ஒரு மின் நிலையம். ஒரு காலத்தில் நாட்டின் மிகப் பெரிய கரி அடுப்பு. இப்போது அது கரியைத் தொடுவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் மரத்தை அரைத்து, குளிகை குளிகையாக உருட்டி, கப்பலேற்றிக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, அரசாங்க மானியத்தில் எரிக்கிறார்கள். மரம் மறுபடி வளர்ந்துவிடும் என்பதால் கணக்கில் அந்தப் புகை புகையில்லை. கடல்கரியை விடுங்கள், விறகை எரியுங்கள் என்று ராஜா சொல்லி 700 வருஷத்துக்கு மேல் ஆகிறது. விஷயம் இப்போதுதான் யார்க்ஷையருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதுவும் கடல்விறகாக. அம்மாவை டட்பரியிலிருந்து திரும்பக் கூப்பிடலாம்.